அண்டக் கதிர்களை அளக்கும் பெருங்கூடங்கள்

நம் கல்லூரியின் பௌதிகச் சோதனைச்சாலையில் ஓராண்டேனும் பயின்றவர் யாவரும் தங்கத்தகட்டு மின்காட்டியை அறிவர். கண்ணாடிச் சாடியினுள் ஒரு பித்தளைத் தண்டு தொங்கும். அதன் அடியில் மிக மெல்லிய தங்கத் தகடுகள் இரண்டு ஒட்டியிருக்கும். மின்சாரம் ஊட்டியவுடன் அவை ஒன்றையொன்று விலக்கி விரிந்து நிற்கும். அவ்வாறே விட்டுவிட்டுச் சென்று நெடுநேரங் கழித்து வந்து நோக்கினால், விரிவு சற்றே சுருங்கியிருக்கக் காணலாம். 'காற்றில் ஈரம் மிகுதி' என்பார் ஆசிரியர். நாமும் அதனையே குறிப்பேட்டில் எழுதிவிட்டு அடுத்த சோதனைக்குச் சென்றுவிடுவோம். ஈரமே பெரும்பாலும் காரணம் என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஈரத்தை அறவே போக்கி, சாடியை இறுக மூடி, கனத்த ஈயக் கவசமும் இட்டு வைத்தாலும் அத்தகடுகள் மிக மெல்லக் கூடிக்கொண்டுதான் வரும். ஒரு நூற்றாண்டிற்கு முன் சிலர் இச்சிறு குறையை அற்பமென்று தள்ளிவிடாமல் அதன் காரணத்தைத் துருவிச் சென்றனர். அவர் சென்ற வழியே பின்னர்ச் சென்றோர், இறுதியில் 3000 சதுர கிலோமீட்டர்ப் பரப்புடைய ஒரு கருவியை அமைக்க வேண்டியதாயிற்று. அக்கருவி எத்தகையது, அத்துணைப் பெரிதாக இருக்கவேண்டியது ஏன், அது கூறும் எண்களை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பவற்றை ஈண்டு ஆராய்வோம். இவற்றுள் மூன்றாவதே முக்கியமானது என்பது என் கருத்து. வியப்பூட்டும் எண்களை அடுக்கிக் கூறுவோர் பலர். அவ்வெண்கள் எங்ஙனம் கிடைத்தன என்று கூறுவோர் சிலரே.

மின்காட்டியில் ஏற்றிய மின்சாரம் கசியவேண்டுமாயின், சாடியினுள்ளிருக்கும் காற்றின் அணுக்களை ஏதோ ஒன்று உடைத்து மின்னேற்றம் பெற்ற துண்டுகளாக்கவேண்டும். நிலத்திலுள்ள ரேடியம் முதலிய பொருள்களின் கதிர்களே அங்ஙனம் உடைப்பன என்று முதலில் எண்ணினர். 1901-ஆம் ஆண்டில் சி. டி. ஆர். வில்ஸன் என்ற ஸ்காத்லாந்து அறிஞர், கதிர் வானினின்றும் வருமோ என ஐயுற்று, தம் கருவியை இருப்புப்பாதைச் சுரங்கம் ஒன்றினுள் கொண்டுசென்று சோதித்தார். வெளியே கண்டதற்கும் உள்ளே கண்டதற்கும் வேறுபாடு தோன்றாமையால் அவ்வூகத்தைத் தாமே கைவிட்டார். 1910-இல் தியோடர் வுல்ஃப் என்னும் இயேசு சபைக் குருவானவர் பாரிஸிலுள்ள ஐஃபெல் கோபுரத்தின் உச்சிக்கே ஒரு மின்னளவியைச் சுமந்து சென்றார். கதிர் நிலத்தினின்று எழுவதாயின், 300 மீட்டர் உயரத்தில் அது மிகக் குறைந்திருக்கவேண்டும். குறைந்ததுண்டு, ஆனால் எதிர்பார்த்த அளவிற்கன்று. இவ்வழக்கைத் தீர்த்தவர் விக்டர் ஹெஸ் என்ற ஆஸ்திரியர். 1912-ஆம் ஆண்டு ஆகஸ்டு 7-ஆம் தேதி அவர் ஹைட்ரஜன் பலூன் ஒன்றில் ஏறி, ஐயாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தை அடைந்தார். முதலிற் சிறிது குறைந்த கசிவு, மேலே செல்லச் செல்லப் பெருகி, தரையில் இருந்ததினும் மிக அதிகமாயிற்று. அவ்வாண்டு ஏப்ரலில் நிகழ்ந்த சூரிய கிரகணத்தின்போதும் அவர் பலூனில் ஏறிப் பார்த்திருந்தார்; கிரகணத்தினால் கதிர் குறையவில்லை. ஆகவே அக்கதிர் மேலேயிருந்து வருவது, அதுவும் சூரியனிலிருந்தன்று, என்று துணிந்தார். 1936-இல் அவருக்கு நோபெல் பரிசு கிடைத்தது. அவர் கண்டவற்றையே இன்று அண்டக் கதிர்கள் என்றும் காஸ்மிக் கதிர்கள் என்றும் வழங்குகிறோம்.

கதிர் என்பது பழைய பெயர், வழக்கில் நிலைத்துவிட்டது. உண்மையில் அவை துகள்கள். பெரும்பாலானவை புரோட்டான்கள், அஃதாவது ஹைட்ரஜனின் அணுக்கருக்கள். ஹீலியம் முதல் இரும்பு வரையுள்ள கனத்த அணுக்கருக்களும் உடன் வருகின்றன. இவற்றின் சக்தியை எலெக்ட்ரான் வோல்ட் என்ற அலகால் அளப்பர்; ஓர் எலெக்ட்ரான் ஒரு வோல்ட் மின்னழுத்தத்தைக் கடக்கையிற் பெறும் சக்தியே அது. ஜெனீவா நகரின் அருகே நிலத்தடியில் 27 கிலோமீட்டர்ச் சுற்றளவுள்ள பொறியில் மனிதர் ஒரு புரோட்டானுக்கு ஊட்டும் சக்தி 6.8 லட்சங்கோடி எலெக்ட்ரான் வோல்ட். 1991-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் தேதி இரவு, அமெரிக்காவின் யூட்டா மாகாணத்திலிருந்த 'ஈயின் கண்' என்ற கூடம் கண்ட ஒரு துகளின் சக்தியோ, அதைப்போல் நாலு கோடி மடங்கிற்கும் மேற்பட்டது, 3.2 x 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட், அஃதாவது ஏறக்குறைய 51 ஜூல். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகத்தில் வரும் கிரிக்கெட் பந்தின் சக்தி அவ்வளவே. ஆட்டக்களத்தில் நின்றோர் அப்பந்து கையிற் பட்டால் எவ்வாறிருக்கும் என்பதை அறிவர். அத்தனையும் அணுவினும் சிறிய ஒரு பொருளில் அடங்கியிருந்தது என்பதைச் சற்றே எண்ணிப் பார்க்க. அதனை அவ்வாறு வீசியது எது என்பது இன்றளவும் விடை காணாத வினா.

இத்தகைய துகளைக் காண்பதற்குப் பெருந்தடை அதன் அருமை. சக்தி பத்து மடங்கு ஏறினால், அதற்கு மேற்பட்ட துகள்களின் வரவு ஏறக்குறைய நூற்றில் ஒரு பங்காகச் சுருங்குகிறது. 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டிற்கு மேற்பட்டவை ஒரு சதுர கிலோமீட்டரில் ஆண்டிற்கு ஏறக்குறைய ஒன்று விழும். 10²⁰-க்கு மேற்பட்டவையோ, அதே பரப்பில் ஒரு நூற்றாண்டு காத்திருந்தாலும் ஒன்றுகூட விழாது போகலாம். பலூனிலோ விண்கலத்திலோ வைத்தனுப்பக்கூடிய கருவி சில சதுர மீட்டரே பரப்புடையது. அது கொண்டு இவற்றைப் பிடிக்க எண்ணுதல், தோட்டத்தில் ஒரு தட்டை வைத்துவிட்டு வானினின்று எரிகல் அதில் வந்து விழுமென்று காத்திருத்தல் போலாம்.

இத்தடையை நீக்க வழிகாட்டியது, கதிரை மறைக்கிறது என்று முன்பு குறைகூறப்பட்ட காற்றே. பெருஞ்சக்தியுடைய துகளொன்று மேல்வானத்தில் ஒரு நைட்ரஜன் அல்லது ஆக்ஸிஜன் அணுக்கருவில் மோதுகிறது. அம்மோதலில் நூற்றுக்கணக்கான புதிய துகள்கள் பிறக்கின்றன. அவை ஒவ்வொன்றும் கீழே வந்து மற்றோர் அணுக்கருவில் மோத, மேலும் பல பிறக்கின்றன. இவ்வாறு ஒன்று பலவாகி, பல கோடியாகி, 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட் சக்தியுடையதாயின் ஆயிரங்கோடிக் கணக்கான துகள்கள் ஒரு பெருமாரியாகப் பொழிகின்றன. இதனைத் துகள்மாரி என்போம். எலெக்ட்ரான்களும் காமாக் கதிர்களும் அதிற் பெரும்பகுதி. தடித்த பொருள்களையும் துளைத்துச் செல்லும் மியூவான்கள் எஞ்சிய பகுதி. இம்மாரி நூல்போல் இறங்குவதன்று. சில கிலோமீட்டர் அகலமுள்ள ஒரு தட்டையான சிப்பலைப்போல் ஏறக்குறைய ஒளியின் வேகத்தில் இறங்கி, நிலத்தில் ஒரே கணத்தில் பரந்து படுகிறது. 1938-ஆம் ஆண்டில் பியேர் ஓஜே என்ற பிரெஞ்சு அறிஞர், துகள் எண்ணும் குழாய்களை ஒன்றற்கொன்று தொலைவில் வைத்தார். அவை ஒரே நொடிக்கூற்றில் ஒருங்கே ஒலிப்பதைக் கண்டார். சுவிட்ஸர்லாந்தின் யுங்ஃப்ராவ் மலைச்சரிவில் அவற்றை 300 மீட்டர் வரை விலக்கி வைத்தபோதும் அவ்வொருமைப்பாடு நீங்கவில்லை. ஒரே தாய்த்துகளின் மக்களே அவ்விரு குழாய்களையும் தொட்டிருக்கவேண்டும் என்றும், அத்தாய்த்துகளின் சக்தி 10¹⁵ எலெக்ட்ரான் வோல்ட் அளவினது என்றும் அவர் கணித்தார். அந்நாளில் அறிந்திருந்த எச்சக்தியினும் அது மிகமிகப் பெரிது.

இதனால் ஒரு புதிய வழி பிறந்தது. துகளைப் பிடிக்கவேண்டுவதில்லை, அதன் மாரி எங்கெங்கே நனைத்தது என்று அறிந்தாற் போதும். மழையின் அளவறியத் தாலுகா முழுவதும் தொட்டி கட்டுவாரில்லை. அங்கங்கே மழைமானி வைத்தாற் போதுமன்றோ? அவ்வாறே பரந்த வெளியில் இடையிட்டு இடையிட்டுச் சிறு கருவிகளை நிறுவினர். அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாகாணத்துப் பாலைநிலத்தில் ஜான் லின்ஸ்லி என்பார் 8 சதுர கிலோமீட்டரில் 19 கருவிகளை நிறுவிக் காத்திருந்தார். 1962-ஆம் ஆண்டு பிப்ரவரி 22-ஆம் தேதி 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட் அளவுள்ள முதல் துகள்மாரி அவர் கருவிகளிற் பதிவாயிற்று.

கருவிகளை எவ்வளவு இடைவெளியில் வைப்பது என்பது, எத்தகைய துகளைத் தேடுகிறோம் என்பதைப் பொறுத்தது. நம் நாட்டில், உதகமண்டலத்தில் 2200 மீட்டர் உயரத்தில் டாட்டா ஆராய்ச்சி நிலையத்தார் நடத்தும் கிரேப்ஸ்-3 என்ற கூடத்தில், துகள் பட்டால் மினுங்கும் பிளாஸ்டிக் பலகைகள் ஏறக்குறைய 400, ஒன்றற்கொன்று 8 மீட்டர் தொலைவிலேயே நெருங்கி நிற்கின்றன. அவர் தேடுவன இடைத்தரச் சக்தியுடையவை. அவற்றின் மாரி சிறிது, வரவு மிகுதி. 560 சதுர மீட்டர்ப் பரப்புள்ள மியூவான் காட்டி ஒன்றும் அங்கே உளது. 2014-ஆம் ஆண்டு டிசம்பர் 1-ஆம் தேதி அவ்வழியே சென்ற ஓர் இடிமேகத்தினூடு வந்த மியூவான்கள் குறைந்ததைக் கொண்டு, அம்மேகத்தின் மின்னழுத்தம் 130 கோடி வோல்ட் என்று அங்குள்ளோர் கணித்து, 2019-இல் வெளியிட்டனர். இது நம் விஷயத்திற்குப் புறம்பானதே. எனினும் உதகைக்குச் சென்று ஏரியையும் பூங்காவையும் மட்டும் கண்டு திரும்பும் நம்மவர்க்கு இதனையும் கூறிவைத்தல் தகும்.

இனி இரண்டாவது வழி. துகள்மாரி காற்றினூடே இறங்குகையில் நைட்ரஜன் மூலக்கூறுகளைக் கிளர்த்துகிறது; அவை கண்ணுக்குப் புலனாகாத ஊதாக்கடந்த ஒளியை எத்திசையிலும் மங்கலாக வீசுகின்றன. இருண்ட இரவில் தக்க தொலைநோக்கியை வானத்தை நோக்கி வைத்திருந்தால், ஒளிப்புள்ளியொன்று சில பத்து மைக்ரோசெகண்டுகளில் வானினின்று கீழ்நோக்கி ஓடி மறைவதைப் பதிவுசெய்யலாம். முன்கூறிய 'ஈயின் கண்' இவ்வழியைக் கையாண்டதே. மாரி காற்றில் எவ்வளவு சக்தியைச் செலவிட்டதோ அவ்வளவிற்கு ஒளி உண்டாகும். ஆகவே ஒளியைக் கூட்டினால் சக்தி நேரே கிடைக்கிறது. மாரி எவ்விடத்தே உச்சநிலையை எய்திப் பின் தேய்ந்தது என்பதையும் காணலாம்.

இவ்விரு வழிகளுள் எது சிறந்தது? இவ்வினா ஒரு காலத்திற் பெரும் பிணக்கிற்கு இடமாயிற்று. அதனைச் சற்று விரித்துரைப்பேன்.

1965-இல் பென்ஸியஸ், வில்ஸன் என்ற அமெரிக்கர் இருவர் வெளியிட்ட செய்தியால், வானவெளியெங்கும் மெல்லிய நுண்ணலை ஒளி நிறைந்துள்ளது என்பது தெரிந்தது. மறு ஆண்டே அமெரிக்காவில் கிரைஸனும், ருஷியாவில் ஸாட்ஸெபினும் குஸ்மினும் அதிலிருந்து ஒரு முடிவைப் பெற்றனர். ஏறக்குறைய 5 x 10¹⁹ எலெக்ட்ரான் வோல்ட்டிற்கு மேற்பட்ட புரோட்டான், அந்நுண்ணலை ஒளியில் மோதி மோதித் தன் சக்தியை இழக்கும்; சில பத்துக்கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பாலிருந்து புறப்பட்டது அச்சக்தியுடன் நம்மை வந்தடைய இயலாது. ஆகவே அவ்வெல்லைக்கு மேல் துகள்களின் வரவு திடீரெனக் குன்றவேண்டும். குன்றவில்லையாயின், நாம் அறிந்த பௌதிகத்தில் எங்கோ பிழை உளது; அல்லது அவை நமக்கு அண்மையிலேயே பிறக்கின்றன. எதுவாயினும் பெருஞ்செய்தியே.

ஜப்பானில் அகேனோ என்னுமிடத்தில் 100 சதுர கிலோமீட்டரில் 111 தரைக் கருவிகளைக் கொண்ட அகாஸா என்ற கூடம், 10²⁰-க்கு மேற்பட்டவை பதினொன்றைக் கண்டதாகவும், வரவு குன்றவில்லை என்றும் கூறிற்று. ஒளியை நோக்கும் முறையைக் கைக்கொண்ட யூட்டாவின் ஹைரெஸ் கூடமோ, குன்றுகிறது என்றே கூறிற்று. இருசாராரும் தேர்ந்த அறிஞர், பொய்யுரைப்பாரல்லர். பின் வேறுபாடு ஏன்? தரைக் கருவி காண்பது மாரியின் அடிப்பகுதியை மட்டுமே. அதிலிருந்து தாய்த்துகளின் சக்தியை அறியக் கணிதப்பொறியில் மாரியைப் போலியாக நிகழ்த்தி ஒப்பிடவேண்டும். அப்போலி மாரியின் விதிகளோ, மனிதர் செய்த எப்பொறியிலும் சோதிக்கப்படாத சக்திகளுக்கு நீட்டி எழுதப்பட்டவை. ஒளிமுறைக்கு அவ்விடர் சிறிது. ஆனால் நைட்ரஜன் எவ்வளவு ஒளி தரும், அவ்வொளி புழுதியும் பனிமூட்டமும் உள்ள காற்றில் எவ்வளவு தேயும் என்பவற்றைச் செவ்வையாக அறியாவிடில் அதுவும் பிழைபடும். இன்னொன்றும் நோக்குக. சக்தி ஏற ஏற வரவு விரைந்து குறைவதால், சக்தியை நூற்றுக்கு 25 பங்கு மிகைப்படக் கணித்தால் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றரை மடங்காகத் தோன்றும். சிறு பிழை பெருஞ்செய்தியாக வேடம் பூண இதுவே வழி. இரு கூடங்களையும் தனித்தனியே எத்துணை ஆண்டு நடத்தினும் இவ்வழக்கு தீராது. ஒரே மாரியை இருமுறையாலும் ஒருங்கே காணவேண்டும்.

அதற்கென்றே எழுந்தது பியேர் ஓஜே பெருங்கூடம். நோபெல் பரிசு பெற்ற அமெரிக்கர் ஜேம்ஸ் குரோனினும், பிரிட்டிஷ் அறிஞர் ஆலன் வாட்ஸனும் 1992-இல் அதனைத் திட்டமிடத் தொடங்கினர். பல நாடுகள் கூடி, அர்ஜென்டினா தேசத்தின் மென்டோஸா மாகாணத்தில், ஆண்டிஸ் மலைக்குக் கிழக்கே மலார்குவே என்ற சிற்றூரையடுத்த சமவெளியைத் தேர்ந்தன. தூய காற்று, இருண்ட இரவு, மேடுபள்ளமற்ற நிலம் ஆகிய மூன்றும் அங்கு வாய்த்தன. அவ்வெளி கடல்மட்டத்திற்கு மேல் ஏறக்குறைய 1400 மீட்டர் உயரத்திலுள்ளது. தலைக்கு மேலுள்ள காற்றின் கனம் சதுர செண்டிமீட்டருக்கு 870 கிராம் அளவு. பெருஞ்சக்தி மாரிகள் ஏறக்குறைய 800 கிராம் காற்றைக் கடந்தபின் உச்சநிலையை அடைவன ஆதலின், அவை நன்கு வளர்ந்த நிலையிலேயே அந்நிலத்தைத் தொடுகின்றன. 2004-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் பதிவு ஆரம்பமாயிற்று. 2008-இல் கட்டடப்பணி முற்றுப்பெற்றது. வடகோளத்தில் கொலராடோ மாகாணத்தில் இதற்கோர் இணை அமைக்கக் கருதினர், அது நிறைவேறவில்லை.

அவ்வெளியில் 1500 மீட்டருக்கு ஒன்றாக, முக்கோண ஒழுங்கில், 1660 நீர்த்தொட்டிகள் நிற்கின்றன. ஒவ்வொன்றும் 3.6 மீட்டர் விட்டமுடையது, உள்ளே 1.2 மீட்டர் ஆழத்திற்கு 12,000 லிட்டர் மிகத்தூய நீர். ஒளி சிறிதும் புகாத மூடி. தண்ணீர்த் தொட்டி துகளைக் காண்பது எங்ஙனம் எனின், நீரில் ஒளியின் வேகம் வெற்றிடத்திலிருப்பதில் முக்காற் பங்கே. துகள்மாரியின் துகள்களோ நீரிலும் ஏறக்குறையத் தம் பழைய வேகத்திலேயே பாய்கின்றன. படகு அலையினும் விரைந்து செல்லும்போது அதன் முன்புறத்தில் ஆப்புப்போன்ற அலை எழுவதுபோல, ஒளியை முந்திச் செல்லும் மின்துகள் நீரில் நீலநிற ஒளியலையை எழுப்புகிறது. இதனை 1934-இல் ருஷிய அறிஞர் செரன்கோவ் கண்டு வெளியிட்டார். தொட்டியின் உட்சுவர் வெண்மையாதலின் அவ்வொளி பலகால் சிதறி, மேலே பொருத்திய மூன்று ஒளிபெருக்கிக் குழாய்களைச் சேர்ந்து மின்துடிப்பாகிறது. தொட்டியின் தலையில் சூரிய ஒளியால் மின்சாரம் தரும் பலகை, காலமறிய ஜி.பி.எஸ். வாங்கி, செய்தியனுப்ப வானொலிக் கம்பம். இவையனைத்தும் இயங்கப் பத்து வாட் மின்சாரம் போதும். கம்பியே இல்லாமையால், மேய்ச்சல் நிலத்தின் நடுவே ஒவ்வொரு தொட்டியும் தனித்து நின்று தன் பணியைச் செய்கிறது.

அதன் அளவுகோல் சரியாக உளது என்பதை அறிவது எங்ஙனம்? ஆயிரத்து அறுநூறு தொட்டிகளையும் நாள்தோறும் சென்று சோதிக்க எவராலும் இயலாது. இங்கே இயற்கையே உதவுகிறது. சிறு சக்தியுடைய அண்டக் கதிர்களிலிருந்து பிறந்த தனி மியூவான்கள் ஒவ்வொரு தொட்டியிலும் வினாடிக்கு ஈராயிரத்திற்கும் மேலாக இடையறாது விழுந்தவண்ணம் இருக்கின்றன. செங்குத்தாக விழும் ஒரு மியூவான் நீரில் எழுப்பும் ஒளி எப்போதும் ஏறக்குறைய ஒரே அளவு. அதனையே படிக்கல்லாகக் கொண்டு, தொட்டி தன் தராசைத் தானே ஓயாது சரிபார்த்துக்கொள்கிறது. தேடுவோர்க்கு வெறும் இரைச்சலாகத் தோன்றவேண்டியது எடைக்கல்லாயிற்று. இப்பெருங்கூடத்தில் எனக்கு மிகவும் உவப்பான பகுதி இதுவே.

ஒரு தொட்டி மட்டும் ஒளிர்ந்தால் அது பொருட்டன்று. அண்டையிலுள்ள மூன்றேனும் உரிய கால இடைவெளியில் ஒளிர்ந்தாலன்றி மாரியெனக் கொள்வதில்லை. மாரி நேர் மேலிருந்து வருமாயின் எல்லாத் தொட்டிகளையும் ஒருங்கே தொடும். சாய்ந்து வருமாயின் ஒருபுறத்துத் தொட்டியை முன்னும் மறுபுறத்ததைப் பின்னும் தொடும். ஒளி 1500 மீட்டரைக் கடக்க 5 மைக்ரோசெகண்டு ஆகும். காலத்தை அதில் நூற்றிலொரு பங்கிற்கும் நுட்பமாக அளப்பதால், மாரி வந்த திசையை ஏறக்குறைய ஒரு பாகை அளவிற்குச் செம்மையாகக் கணிக்க முடிகிறது. நடுவில் மிகுதியாகவும் ஓரத்திற் குறைந்தும் உள்ள துகள்களின் பரவலைக்கொண்டு, மாரியின் நடுவச்சிலிருந்து 1000 மீட்டர் தொலைவில் தொட்டி காணவேண்டிய ஒளியளவைக் கணிக்கின்றனர். மாரிக்கு மாரி நேரும் வேறுபாடு அத்தொலைவிற் சிறிதாதலின், மாரியின் பருமனைச் சுட்ட அவ்வெண் தக்கது.

ஆனால் அவ்வெண் சக்தியன்று. அதனைச் சக்தியாக மாற்றுவதிலேதான் முன்கூறிய பிணக்கு எழுந்தது. இதற்காக அவ்வெளியைச் சுற்றி நான்கு மேடுகளில், உள்நோக்கியவாறு 24 தொலைநோக்கிகளை நிறுவினர்; பின்னர் மூன்றைச் சேர்த்தனர். ஒவ்வொன்றிலும் பெரிய குழியாடியும், அதன் குவியத்தில் 440 ஒளிபெருக்கிக் குழாய்களாலான 'விழித்திரை'யும் உள. வானத்தின் தெளிவை அறிய, வெளியின் நடுவிலிருந்து லேஸர் ஒளிக்கதிரை மேலே செலுத்தி, அது எவ்வளவு தேய்ந்து தோன்றுகிறது என்பதை இரவுதோறும் அளக்கின்றனர். காற்றும் கருவியின் ஓர் உறுப்பாகிவிட்டபடியால், உறுப்பைப் பரிசோதிப்பதுபோல் காற்றையும் பரிசோதிக்கவேண்டியதாகிறது.

தொலைநோக்கிகள் நிலவற்ற தெளிந்த இரவிலேயே விழித்திருக்கும். மொத்தக் காலத்தில் ஏழில் ஒரு பங்குதான் அவற்றிற்கு வாய்க்கும். தொட்டிகளுக்கோ பகலும் இரவும் மழையும் ஒன்றே. இரண்டும் ஒருங்கே கண்ட மாரிகளைத் தெரிந்தெடுத்து, ஒளிமுறை கூறும் சக்தியையும் தொட்டிகள் கூறும் எண்ணையும் அருகருகே வைத்து ஒரு வாய்ப்பாடு ஆக்கினர். அவ்வாய்ப்பாட்டால் எஞ்சிய ஆயிரக்கணக்கான மாரிகளின் சக்தியையும் கூறுகின்றனர். ஆகவே போலி மாரியின் விதிகளைப் பெரிதும் நம்பவேண்டிய தேவை நீங்கிற்று. சக்தியின் அளவில் இன்னும் நூற்றுக்கு 14 பங்கு ஐயமுண்டு என்பதையும் அவர்களே கூறுகின்றனர்.

2008-இல் ஹைரெஸ் கூடத்தாரும் ஓஜே கூடத்தாரும் தனித்தனியே வெளியிட்ட முடிவு ஒன்றே: ஏறக்குறைய 4 அல்லது 5 x 10¹⁹-க்கு மேல் வரவு திண்ணமாகக் குன்றுகிறது. மேலும் ஓஜே கூடத்தில் அளந்தபோது, உண்மை மாரிகளிலுள்ள மியூவான்கள் போலி மாரிகளிலுள்ளவற்றினும் மிகுதி என்பது புலனாயிற்று. போலியை மட்டும் நம்பித் தரைக் கருவியின் எண்ணைச் சக்தியாக்கினால் அது மிகைபட்டே முடியும் என்பது இதனால் விளங்கும்.

எனினும் இருகண்ணுடைய கூடமும் தடுக்கி விழாததன்று. 2007-ஆம் ஆண்டு நவம்பரில், 5.7 x 10¹⁹-க்கு மேற்பட்ட 27 துகள்களுள் 20, அண்மையிலுள்ள கிளர்ச்சிமிக்க விண்மீன் மண்டலங்களின் திசையை ஒட்டி வந்தன என்று ஓஜே கூடத்தார் வெளியிட்டனர். பிறப்பிடம் கண்டாயிற்று என்று உலகெங்கும் பத்திரிகைகள் எழுதின. மூன்றாண்டுகளில் துகள்கள் 69 ஆயின. பொருத்தமோ நூற்றுக்கு 38 பங்காக இறங்கிற்று. தற்செயலாகவே 21 பங்கு பொருந்தும் என்னும்போது, 38 என்பது பெரிதன்று. அதனையும் அவர்களே எண்ணிட்டு வெளியிட்டனர். 2017-இல் கூறியது இதனினும் அடக்கமானது, ஆனால் உறுதியானது. 8 x 10¹⁸-க்கு மேற்பட்ட முப்பதாயிரத்திற்கும் அதிகமான துகள்களை ஆராய்ந்ததில், வானத்தின் ஒரு பாதியிலிருந்து சற்றே மிகுதியாக வருகின்றன என்று தெரிந்தது. அத்திசை நம் பால்வீதியின் நடுவைவிட்டு மிக விலகியது. ஆகவே அவை பால்வீதிக்கு அப்பாலிருந்து வருவன.

பிறப்பிடம் இன்னதென்று கூறுவதற்குத் தடையாக நிற்பது துகளின் இனம். மின்னேற்றமுடைய துகள் பால்வீதியின் காந்தப்புலத்தில் வளைகிறது. புரோட்டான் இச்சக்தியிற் சிறிதே வளையும். 26 பங்கு மின்னேற்றமுடைய இரும்பின் கருவோ பெரிதும் வளைந்து, வந்த வழியை மறைத்துவிடும். இனத்தை அறிய வழி, மாரி உச்சநிலை எய்தும் இடம். இரும்பின் கரு தன் சக்தியை 56 கூறுகளுக்குப் பங்கிட்டு வருவதால், அதன் மாரி உயரத்திலேயே முற்றிவிடும். புரோட்டானின் மாரி ஆழ இறங்கி முற்றும். தொலைநோக்கிகள் கண்டவற்றால், சக்தி ஏற ஏறத் துகள்கள் கனத்தனவாகின்றன என்று தெரிகிறது. அங்ஙனமாயின் வரவு குன்றுவதற்கு நுண்ணலை ஒளி மட்டும் காரணமாகாது. துகள்களை வீசும் இடங்களே தம் ஆற்றலின் எல்லையை எட்டிவிட்டன என்றும் கொள்ளலாம். ஆனால் மிக உயர்ந்த சக்தியிற் காட்சிகள் மிகச் சில. அவற்றுள் தொலைநோக்கி கண்டவை அதனினும் சில. ஆகவே தொட்டிகளைக்கொண்டே இனத்தை அறியும்பொருட்டு, ஒவ்வொரு தொட்டியின் மேலும் மினுங்கும் பலகையொன்றையும் வானொலி வாங்கி ஒன்றையும் அண்மையிற் பொருத்தியுள்ளனர். ஆழமான நீரில் மியூவானின் ஒளி மிகுதி; மெல்லிய பலகைக்கு எலெக்ட்ரானும் மியூவானும் ஏறக்குறைய ஒன்றே. இரண்டின் எண்களையும் ஒப்பிட்டால் மியூவான்களைப் பிரித்தறியலாம். மியூவான் மிகுதியாயின் தாய்த்துகள் கனத்தது.

வடகோளத்தில் யூட்டாவிலுள்ள தொலைநோக்கி வரிசைக் கூடமும் இருமுறைகளையும் உடையதே. 700 சதுர கிலோமீட்டரில் 507 தரைப் பலகைகளும், மூன்று தொலைநோக்கி நிலையங்களும் 2008 முதல் அங்கே பணியாற்றிவருகின்றன. 2021-ஆம் ஆண்டு மே 27-ஆம் தேதி அங்குள்ள 23 தரைப் பலகைகள் ஒருங்கே துடித்தன. கணித்தபோது சக்தி ஏறக்குறைய 2.4 x 10²⁰ எலெக்ட்ரான் வோல்ட் ஆயிற்று. ஜப்பானியரின் சூரிய தேவதையின் பெயரால் அதற்கு அமதெராஸு என்று பெயரிட்டு, 2023-இல் வெளியிட்டனர். அது வந்த திசையைப் பின்னோக்கிச் சென்றால், விண்மீன் மண்டலங்கள் அரிதாகவுள்ள வெற்றுவெளி ஒன்றே தென்படுகிறது. 1991-இல் வந்ததை ஒளிமுறை மட்டுமே கண்டது. தரைக் கருவிகள் காணவில்லை. இதனையோ தரைக் கருவிகள் மட்டுமே கண்டன. அன்று பௌர்ணமிக்கு மறுநாள் வைகறை. நிலவு இன்னும் மறையவில்லை. தொலைநோக்கிகளால் பார்க்க இயலவில்லை.